50 வயசு அம்பாசடருக்குப் பழைய என்ஜின் வாங்கப் போறீங்களா? முதல்ல நம்பரைப் பாருங்க!

வீட்டு ஷெட்டில் துணி போர்த்திய அம்பாசடர் மார்க் 2 ஒன்று பல வருஷமாக நிற்கிறது. தாத்தா ஓட்டிய கார். இப்போது பேரன் கையில் கொஞ்சம் சம்பளம், மனசில் கொஞ்சம் ஆசை. மெக்கானிக்கைக் கூட்டிவந்து பானெட்டைத் திறந்து காட்டினால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "ஜாம் ஆயிடுச்சு சார். புதுப்பேட்டைல ஒரு என்ஜின் எடுத்துப் போட்டுடலாம்."

கேட்க ரொம்ப எளிதான தீர்வு. ஆனால் இந்த ஒரு முடிவு உங்கள் காரின் ஆர்.சி.யைச் சிக்கலாக்கலாம், 'விண்டேஜ்' தகுதியையே காலி செய்யலாம். எப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

1970களின் நடுவில் வந்த கார்கள் இப்போதுதான் 50 வயசைத் தாண்டுகின்றன. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டு கண்டிஷன்கள் இருக்கு. ஒன்று, விண்டேஜ் பதிவு வாங்கிய காரைத் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். இரண்டாவதுதான் முக்கியம்: வண்டி அதன் ஒரிஜினல் வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்து பெரிய அளவில் கைவைத்திருக்கக் கூடாது. இதைப் பரிசோதித்துச் சொல்ல மாநில அளவில் குழு உண்டு.

என்ஜினை மாத்தினா யாருக்குத் தெரியப் போகுது?

ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் இருக்கின்றன. என்ஜின் நம்பர் இருப்பது பிளாக்கில். பிளாக் மாறினால் நம்பர் மாறும். எஃப்.சி. பரிசோதனை, காரை விற்பது, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்பது என எந்த இடத்திலும் இது வெளியே வரலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

அம்பாசடரில் இது ரொம்ப சகஜமாக நடக்கிற தப்பு. மார்க் 2-வில் இருப்பது 1489 சிசி பெட்ரோல் என்ஜின். பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த 'பி-சீரிஸ்' குடும்பம். பிற்கால அம்பாசடர்களில் டீசல் என்ஜினும், 1990களில் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் வந்தன. "இசுசு போட்டா பறக்கும் சார்" என்று ஆசை காட்டுவார்கள். பறக்கலாம்தான். ஆனால் சிசி வேறு, என்ஜின் குடும்பமே வேறு. டீசல் என்றால் ஆர்.சி.யில் எரிபொருள் விவரமும் ஒத்துப்போகாது. விண்டேஜ் கனவுக்கு அங்கேயே ஃபுல் ஸ்டாப்.

அப்போ பழைய என்ஜின் வாங்கவே கூடாதா?

வாங்கலாம். ஆனால் எதற்கு வாங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கு. உங்கள் நம்பர் உள்ள பிளாக்கைக் காப்பாற்றுங்கள். வாங்குகிற என்ஜினை உதிரிபாகங்களுக்காகப் பயன்படுத்துங்கள்.

'ஜாம்' ஆன என்ஜின் எல்லாம் செத்த என்ஜின் இல்லை. பல வருஷம் ஓடாமல் நின்றால் சிலிண்டர் சுவரில் துரு பிடித்து ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் துளைகளில் ஆயில் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகத் திருப்பிப் பார்ப்பதுதான் முதல் படி. எடுத்ததுமே செல்ஃப் அடித்தால் ரிங் உடையலாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால் போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்கும் மேல் போய்விட்டால் லைனர் இறக்கலாம். வார்ப்பிரும்பு பிளாக்கில் விரிசல் இருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சரிசெய்ய முடியும். இவ்வளவுக்குப் பிறகும் வழியில்லை என்றால்தான் வேறு பிளாக். அதுவும் அதே மாடல், அதே சிசி. பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேசிவிடுங்கள். அப்போதும் விண்டேஜ் தகுதி கிடைக்குமா என்பது குழுவின் கையில்தான்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

முதலில் பேப்பர். எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். என்ஜின் நம்பரோடு பில் வாங்குங்கள். நம்பர் தேய்க்கப்பட்டிருந்தாலோ, மேலே வேறு நம்பர் குத்தியிருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ அதை வைத்திருப்பதே பாரதிய நியாய சன்ஹிதாவின்படி மூன்றாண்டு வரை சிறை கிடைக்கும் குற்றம்.

அடுத்து இரும்பு.

கையால் திருப்பினால் கிராங்க் முழுச் சுற்று சுற்றுகிறதா? இந்தக் காலத்து அம்பாசடருக்கு முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றும் வசதி உண்டு. அது இங்கே கைகொடுக்கும்.

ஆயில் எப்படி இருக்கிறது? பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், விரிசலும் இருக்கலாம்.

நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கிறதா? ஒன்று மட்டும் ரொம்பக் குறைந்தால் வால்வோ ரிங்கோ காலி.

வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். விரிசலையும் கசிவையும் மறைக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அப்படியே தூக்கி மாட்டிடலாமா?

கூடாது. "நல்லா ஓடிட்டிருந்த என்ஜின்தான்" என்று கடைக்காரர் சொன்னாலும் முழுசாகப் பிரிக்கணும். பிரித்துக் கழுவி, சிலிண்டர் அளவையும் கிராங்க் ஜர்னல் அளவையும் மைக்ரோமீட்டரில் எடுக்க வேண்டும். இந்த 1489 சிசி என்ஜினில் கிராங்க் மூன்று மெயின் பேரிங்குகளில்தான் உட்காருகிறது. அதனால் பேரிங் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. கிராங்க் கிரைண்டிங் செய்தால் அதே அளவுக்கான அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும்.

ரிங், பேரிங், கேஸ்கட், ஆயில் சீல், டைமிங் செயின் எல்லாம் புதுசு. ஆயில் பம்ப், வாட்டர் பம்ப் இரண்டையும் சோதிக்கணும். என்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் என்ஜின் மவுண்ட்டையும் பார்த்துவிட்டால், அதற்காக இன்னொரு முறை இறக்க வேண்டியிருக்காது.

பெட்ரோலும் மாறிப்போச்சே, அது பிரச்சினையா?

ஆமாம், இரண்டு விதத்தில். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைத் தேயாமல் பாதுகாத்தது. இந்தியாவில் 2000-ம் ஆண்டிலேயே ஈயப் பெட்ரோல் முடிந்துவிட்டது. அதனால் ஹெட் வேலை செய்யும்போதே கடினப்படுத்திய வால்வு சீட் போட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20. 2025-ல் இது பெரிய சர்ச்சையானபோது, பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை என்று பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. ஆனால் சில பழைய வாகனங்களில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. 50 வயசு காரில் பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். எனவே மாசக்கணக்கில் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டில் என்ன கவனிக்கணும்?

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும் வரை என்ஜினைச் சுற்றவிடுங்கள். அதன் பிறகே ஸ்டார்ட். சூடேறும்போது கசிவு, வெப்பம், ஆயில் பிரஷர் மூன்றிலும் கண் இருக்கட்டும். பிறகு மேனுவலில் உள்ளபடி ஹெட் போல்ட்டும் டேப்பெட்டும் மறுபடி செட் செய்ய வேண்டும். ரன்னிங்-இன் காலத்தில் விரட்டாதீர்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

சரி, கடைசியா என்ன முடிவு?

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. புதிய பிளாக் இனி கம்பெனியிலிருந்து வரப்போவதில்லை. பிஸ்டனும் கிராங்கும் தேடினால் எங்கேயாவது கிடைக்கும். தாத்தாவின் ஆர்.சி.யில் உள்ள அந்த நம்பர் மட்டும் வேறு எங்கும் கிடைக்காது. "எடுத்துப் போட்டுடலாம்" என்று மெக்கானிக் அடுத்த முறை சொல்லும்போது, கழற்றிய பழைய பிளாக்கை எடைக்குப் போட மட்டும் விட்டுவிடாதீர்கள்.