கியூபெக் சாலையில் ஓர் ஓட்டம்

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி, செயின்ட் ஜான்ஸ் நகரில் தம் செயற்கைக் காலை அட்லாண்டிக் சமுத்திரத்தில் நனைத்துவிட்டு, கனடா தேசத்தை மேற்கு நோக்கி ஓடியே கடப்பதென்று புறப்பட்ட டெர்ரி ஃபாக்ஸ் என்ற இருபத்தோரு வயது இளைஞரைப் பற்றிப் பேசுகிறவர்கள், பெரும்பாலும் டொரான்டோ மாநகரம் அவருக்கு அளித்த மகத்தான வரவேற்பையோ, தண்டர் பே அருகே புற்றுநோய் மீண்டும் பற்றி ஓட்டம் நின்றுபோன துக்கத்தையோதான் வர்ணிக்கிறார்கள். என் மனமோ அவ்விரண்டுக்கும் முந்திய கியூபெக் சாலைகளையே சுற்றி வருகிறது. அங்கே அவர் பாஷை ஜனங்களுக்கும் அவர்கள் பாஷை அவருக்கும் சரிவர விளங்காமல், புற்றுநோய் ஆராய்ச்சிக்காக அவர் யாசித்த தர்மமும் அற்பமாகவே சேர, சில வாகனங்கள் அவரைப் பாதையை விட்டே ஒதுக்க, 1977இல் வலது காலைப் பறிகொடுத்த தேகத்தோடு அவர் நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடினார். ஆரம்பத்து உற்சாகம் தேய்ந்து, முடிவு கண்ணுக்கு எட்டாத அந்த நடுவழியில் எடுத்துவைத்த ஒவ்வோர் அடியையும் நான் டொரான்டோவின் கரகோஷத்தைவிட மேலாக மதிக்கிறேன். கூடவே வண்டியோட்டிச் சமையலும் செய்த பால்ய நண்பரையும் மறக்கலாகாது; அவருக்கு யார் மாலை சூட்டினார்கள்? மான்ட்ரியல் நெருங்கிய சமயத்தில்தான், புற்றுநோய்க்குத் தம் புத்திரனையே பலிகொடுத்திருந்த ஹோட்டல் அதிபர் இஸடோர் ஷார்ப், மைலுக்கு இரண்டு டாலர் தருவதாக வாக்களித்து, அவ்வண்ணமே வழங்கும்படி மற்ற ஸ்தாபனங்களையும் அழைத்தார்.