வாயைப் பார்த்தீர்களே, மாத்திரையைக் கேட்டீர்களா?

பிரசர் மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை நான். என் அப்பா அதே பிரசரில் வாய் கோணி, ஒரு பக்கம் விழுந்து, பாயோடு பாயாகக் கிடந்து செத்தவர். அந்தப் பயம். கொடுத்த அம்லோடிபினைச் சொன்னபடி விழுங்கினேன். சொன்ன பேச்சைக் கேட்ட எனக்கா இது?

முன்பல் இடுக்கில்தான் முதலில் ஈறு தடித்தது. வலியில்லை. அப்புறம் பல்லையே மூடிக்கொண்டு வளர்ந்தது. சோறு மென்றால் ரத்தம். நாற்றம். பாகூர்ப் பக்கத்து நடவு வயலில் பாட்டெடுக்கிறவள் நான். வாயைத் திறக்கக் கூசி, குனிந்த தலை நிமிராமல் நட்டேன். பேரன் முத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பினேன். புற்று என்றார்கள். வெற்றிலை போட்டு வந்த வினை என்றார்கள். வெற்றிலையைத் தொட்டே அறியாதவள் நான்! "பல் விளக்குற பழக்கமே இல்லையா?" என்று நாலு பேர் காதுபடக் கேட்டார் ஒரு பல் டாக்டர். ஆடுகிறது என்று சொல்லி முன்பல் இரண்டைப் பிடுங்கினார். கூலிக்காசு போனது, ஈறு போகவில்லை. மாத்திரை கொடுத்தவர்களிடம் சொன்னால், "அது பல் டாக்டர் சமாச்சாரம்" என்றார்கள்.

கோரிமேட்டு அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்னப் பெண், என் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கேட்டாள்: "அம்மா, பிரசருக்கு என்ன மாத்திரை போடுறீங்க?"

சிலருக்கு அம்லோடிபின் ஈறை இப்படி வளர்க்குமாம். பல்லில் அழுக்கு தங்கினால் இன்னும் கூடுமாம். 1993-லேயே மருத்துவ ஏட்டில் எழுதிவிட்டார்களாம். அதே வகை மாத்திரையான நிஃபெடிபினைப் பற்றி 1984-லேயே! "நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்கம்மா" என்று கையைப் பிடித்துச் சொல்லி, பிரசர் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தாள். டெல்மிசார்ட்டானுக்கு மாற்றினார்கள். பல்லைச் சுத்தம் செய்து, மிஞ்சிய சதையை அறுத்தெடுத்தார்கள். ஈறு அடங்கியது.

பிடுங்கிய பல்?

டாக்டர்களே, அந்தப் பெண் படித்ததைத்தானே நீங்களும் படித்தீர்கள்? நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வரும் என்றால், அந்த இரண்டு மூன்று பேர் மனுஷர் இல்லையா? கூலிக்காரிக்கு என்ன விளக்குவது என்று விட்டுவிட்டீர்களா? மாதாமாதம் பிரசரை நோட்டில் எழுதுகிறீர்களே, அந்தக் கையோடு ஈறைக் காட்டச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வில்லியனூர்ப் பக்கம் என் நாத்தனாரும் இதே மாத்திரைதான் போடுகிறாள். அவளிடமாவது சொன்னீர்களா?