டிவி பெட்டிக்கு யாருங்க சாவி கொடுக்கிறது?

2018-க்கு முன்னாடி சிவகாசிப் பக்கம் தீபாவளிக்கு யாரும் கடிகாரம் பார்த்து வெடி போட்டதில்லை. கோழி கூவுறதுக்கு முன்னாடியே எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, முதல் சரத்தைக் கொளுத்தினாத்தான் தீபாவளி. அந்த வருஷம் அக்டோபர் 23-ந் தேதி உச்சநீதிமன்றம் ராத்திரி 8 முதல் 10 வரைக்கும்தான் வெடிக்கணும்னு சொல்லிச்சு. நமக்கு அது ஒத்து வராதேன்னு தமிழக அரசு போய்க் கேட்க, மொத்தம் ரெண்டு மணி நேரத்தைத் தாண்டாம நேரத்தை நீங்களே வச்சுக்கங்கன்னு 30-ந் தேதி மாத்திச் சொன்னாங்க. அப்படி வந்ததுதான் காலை 6-7, மாலை 7-8. நேரம் தப்பி வெடிச்சவங்க மேல அந்தத் தீபாவளிக்கே போலீஸ் வழக்கும் போட்டுச்சு.

இந்தக் கட்டுப்பாடு நியாயமா இல்லையான்னு பேச ஆரம்பிச்சா அது தனிப் பதிவு. என் கேள்வி சின்னது. 7 மணின்னா யார் வீட்டுக் கடிகாரத்துல 7?

எங்க வீட்டு செட்டாப் பாக்ஸ்ல 7:00 காட்டும்போது செல்போன்ல 6:56. ரெண்டும் தானா நேரம் எடுத்துக்கிற சாமான்தான். ஆனா பாக்ஸ் நாலு நிமிஷம் முந்திக்கிட்டு ஓடுது. அறுபது நிமிஷம் மட்டும் அனுமதி இருக்கிற நாள்ல நாலு நிமிஷம் சும்மா இல்லீங்க.

பாக்ஸுக்குள்ள உருப்படியான கடிகாரமே கிடையாது. கரண்ட் போய் வந்தா அதுக்கு எல்லாம் மறந்து போகும். படமும் பாட்டும் வர்ற அதே சிக்னல்ல டி.டி.டி-ன்னு ஒரு குட்டித் தகவல் கூடவே வருது. இன்னிய தேதி, மணி, நிமிஷம், நொடி, மொத்தமே 5 பைட். 30 நொடிக்கு ஒரு தடவையாவது அனுப்பணும்னு டி.வி.பி வழிகாட்டு நெறியே சொல்லுது. இதுல வர்றது உலக நேரம். டி.ஓ.டி-ன்னு இன்னொரு தகவல், "இந்தியாவுக்கு அஞ்சரை மணி கூட்டிக்கோ"ன்னு சொல்லும். கூட்டிப் பார்த்து திரையில காட்டுறது மட்டும்தான் பாக்ஸோட வேலை.

(தேதிக்கு ஒதுக்கியிருக்கிறது 16 பிட். 1858 நவம்பர் 17-ல இருந்து நாளை எண்ணிக்கிட்டே வர்றாங்க. 2038 ஏப்ரல் 22-ந் தேதியோட அந்த இடம் நிரம்பிடும். அது அப்போ பார்த்துக்கலாம், இப்போ நாலு நிமிஷத்தைச் சரி பண்ணுங்கப்பா :-))

நியூஸ் சேனல் மூலையில ஓடுற கடிகாரத்தை இதோட குழப்பிக்காதீங்க. அது படத்தோட படமா வர்றது. சுருக்கி, சேட்டிலைட்டுக்கு ஏத்தி, இறக்கி, மறுபடி விரிக்கிறதுக்குள்ள சில நொடி பிந்தித்தான் ஆகணும். அது இயற்கை, யாரையும் திட்ட முடியாது. கேபிள்ல டி.டி.டி அப்படி இல்லை. கன்ட்ரோல் ரூம்ல இருக்கிற மெஷின் அதைக் கடைசியில சேர்த்து அனுப்புது. அந்த மெஷினோட கடிகாரம் ஓடிப்போனா, அந்த லைன்ல இருக்கிற அத்தனை வீடும் சேர்ந்து ஓடும். நாலு நொடி இல்லாம நாலு நிமிஷம் தப்புன்னா அங்கே யாரும் திரும்பிப் பார்க்கலைன்னுதான் அர்த்தம்.

சரி பண்றது பெரிய வித்தையா? அதுவும் இல்லை. இந்திய நேரத்தை அணுக் கடிகாரம் வச்சுக் காப்பாத்துறது டெல்லியில இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம். அவங்க நேரத்தை நெட் வழியா எடுத்துக்கலாம். என்.டி.பி-ன்னு ஒரு அமைப்பை ஒரு தடவை போட்டா முடிஞ்சுது. 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் கம்பெனிகளோட கம்ப்யூட்டர் கடிகாரத்தை எல்லாம் இப்படித்தான் இணைக்கணும்னு உத்தரவே போட்டுச்சு. 2025 ஜனவரியில மத்திய நுகர்வோர் துறை இந்திய நேரத்துக்குன்னே சட்ட அளவியல் வரைவு விதிகளை வெளியிட்டுச்சு. பெட்டிக்கடைத் தராசுக்கு முத்திரை போடுற அதே சட்டத்துக்குக் கீழே! கிலோவுக்கு 10 கிராம் குறைஞ்சா சண்டைக்குப் போறோம். வீடு வீடா நேரம் அளந்து ஊத்துற கேபிளுக்கும் முத்திரை வேணும்னு நான் சொல்றேன்.

"செல்போனைப் பார்த்துக்க வேண்டியதுதானே"ன்னு கேட்பீங்க. எங்க ஊர் அப்பத்தாக்கள் சிவகாசியில அச்சடிச்ச தினசரி காலண்டரைக் கிழிச்சு நல்ல நேரம் பார்த்துட்டு, நிமிர்ந்து டிவியைத்தான் பார்ப்பாங்க.

இன்னொரு நண்பர் வேற மாதிரி மடக்கினார். சூரியனை வச்சுப் பார்த்தா எல்லாக் கடிகாரமுமே தப்புதானேன்னார். உண்மைதான். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக் கணக்கு, சிவகாசி இருக்கிறது 77.8 பக்கத்துல. பாகைக்கு 4 நிமிஷம்னா, நம்ம சூரியன் கடிகாரத்தை விட 19 நிமிஷம் போல பிந்தித்தான் உச்சிக்கு வருவார். ஆனா அது 1906-ல இருந்து நாடே பொதுவா வச்சுக்கிட்ட வித்தியாசம். பாக்ஸோட நாலு நிமிஷத்துக்கு யாருங்க சம்மதிச்சது?

வசூலுக்கு வந்த தம்பிகிட்ட சொன்னேன். "மெனுவுல போய் மாத்திக்கோங்க அண்ணாச்சி"ன்னுட்டுப் போயிட்டான். மெனுவுல அரை மணி அரை மணியாத்தான் மாத்த முடியுது. உங்க ஊர்லயும் இப்படின்னா, "கன்ட்ரோல் ரூம்ல என்.டி.பி போட்டிருக்கீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க. நாலு பேர் கேட்டாத்தான் அங்கே ஒருத்தர் எந்திரிச்சுப் போய்ப் பார்ப்பார்.