பராமரிப்பே வேண்டாத அடுப்படியாம்!

தினசரித் தாளுக்குள் சொருகி வரும் துண்டு நோட்டீஸ்களில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ 'அவுட்டோர் கிச்சன்' கட்டித் தருகிறார்களாம். கறுப்பு கிரானைட் மேடை, எவர்சில்வர் தொட்டி, கரியடுப்பு, மேலே தகரக் கூரை. அதன் கீழே கொட்டை எழுத்தில், 'ஆயுள் முழுக்கப் பராமரிப்பு தேவையில்லை' என்று ஒரு வரி. கிரானைட்டும் தகரமும் அவரவர் காசு, அவரவர் விருப்பம். இந்தக் கடைசி வரி மட்டும் பச்சைப் பொய்.

நாம் குடியிருப்பது புதுவையில். வீட்டிலிருந்து நடந்தால் கடல். நம் ஊர் உப்புக்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பதும் பாதி உண்மைதான். வழக்கமாகத் தொட்டிக்குப் போடும் 304 ரகம், கடலோரத்தில் டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளி வாங்கும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் தாங்கும். ஆனால் விலை அதிகம், நோட்டீஸ்காரர் அதைப் போடமாட்டார். எதைப் போட்டாலும் அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். அது பராமரிப்பு இல்லாமல் வேறென்ன? கிரானைட் பலகைகளின் இணைப்பு, சித்திரை வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் விட்டுக்கொடுக்கும். ஐப்பசி மழை அந்த விரிசல் வழியாக உள்ளே இறங்கும். மேடைக்கு அடியில் கதவு போட்டு எரிவாயு உருளையை அடைத்து வைக்கிறார்களே, அது எல்லாவற்றையும்விட மோசம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடுதான் தேங்கும். தரை மட்டத்தில் காற்றுப்போக்கி இல்லாத அலமாரிக்குள் 14.2 கிலோ உருளையை வைப்பவரை என்னவென்று சொல்வது!

தகரக் கூரைக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியதைப் பார்த்தவர்கள் தகரத்தின் பெயரை எடுத்தாலே இரண்டு அடி தள்ளி நிற்பார்கள். கீற்று பறந்தால் குப்பை. தகரம் பறந்தால் கத்தி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மழைக்கு எந்த 'ஆயுள் உத்தரவாதம்' பொருந்தும் என்று யாராவது எனக்கு விளக்கட்டும்.

பழைய தோட்டத்து அடுப்படி எப்படி நின்றது? அது உறுதியாக இருந்ததால் நிற்கவில்லை. வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட்டதால் நின்றது.

ஆவணி, புரட்டாசியில் கூரை வேலை. தென்னை மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பின்னிய கீற்று, நன்றாக வேய்ந்தால் இரண்டு மழைக்காலம் தாங்கும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. கட்டுக்கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொரு முடிச்சாகப் பார்க்க வேண்டும். கரையான் ஏறிய சவுக்குக் கழியைப் பிடுங்கிவிட்டு, அடிப்பகுதியைத் தீயில் கருக்கிய புதுக் கழியை நட வேண்டும். மழை தொடங்கும் முன்பே விறகைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கி அடுக்கி, கொஞ்சத்தை அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிட வேண்டும். அப்படிச் செய்யாத வீட்டில் கார்த்திகை முழுக்க ஈர விறகை ஊதி ஊதியே கண் சிவந்துபோகும். அந்த மாதங்களில் விறகுக் கட்டை எடுக்கப் போகும் கை முதலில் ஒரு தட்டு தட்டும், தேளும் பூரானும் அங்கேதான் ஒதுங்கும்.

தையில் மழை ஓய்ந்ததும் அடுப்பு வேலை. ஏரிக் களிமண்ணைப் புளிக்கவைத்து, உமி சேர்த்து மிதித்து, வெடித்த அடுப்பின் வாயையும் குமிழ்களையும் திருத்தி, கொடியடுப்புக்குப் போகும் துளையைச் சரிசெய்து, நிழலில் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மறுபடியும் வெடிக்கும். பிறகு சாணம் மெழுகுவது, அது தை மாதத்தோடு முடிவதில்லை, வாரம் தவறாமல் உண்டு. பங்குனி, சித்திரையில் கூரை பொரியாகக் காய்ந்திருக்கும். அடுப்புக்கு நேர் மேலே கீற்று தாழ்ந்து தொங்காமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் எப்போதும் ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்பார்கள். ஆடியில் மேற்குக் காற்று. அந்தப் பக்கம் ஒரு தட்டி கட்டினால்தான் நெருப்பு அடுப்புக்குள் இருக்கும்.

இவ்வளவையும் யார் செய்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கூரை வேய ஆள் கூட்டி வந்ததோடு எங்கள் வீட்டு ஆண்களின் பங்கு முடிந்தது. மண் மிதித்தது, மெழுகியது, சாம்பல் அள்ளியது, மட்டையும் பன்னாடையும் பொறுக்கிச் சேர்த்தது எல்லாம் ஆயாவும் அம்மாவும். தாத்தாவின் கணக்கு நோட்டில் 'கீற்று, கயிறு, கூலி' என்று இருக்கும். மெழுகியதற்கு ஒரு வரி இருக்காது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் கோப்புகளோடு வாழ்ந்தவன்; கணக்கில் ஏறாத வேலை நடக்காத வேலையாகவே ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும். புதுக் கட்டடம் என்றால் நிதி வரும், திறப்பு விழா வரும், கல்வெட்டு வரும். ஒழுகும் ஓட்டை மாற்றக் கேட்டால் கோப்பு மேசை மேசையாகச் சுற்றும். வீடும் அப்படித்தான். 'அந்தக் காலத்து அடுப்படி எந்தச் செலவும் வைக்கவில்லை' என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது, யாருடைய முதுகு அந்தச் செலவைச் சுமந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

'மண் அடுப்பு மீன் குழம்பு மாதிரி வருமா?' என்று உருகுபவர்களும் உண்டு. வராதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழம்பின் பக்கத்தில் புகையில் உட்கார்ந்திருந்தவர் வேறொருவர். வீட்டுச் சமையல் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்படி வெளியே இருந்ததால் புகை குறைந்தது உண்மை, இல்லாமல் போய்விடவில்லை. குனிந்து ஊதுகிற முகத்துக்குத் தோட்டம் என்ன, கூடம் என்ன?

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பராமரிப்புக்கு அந்த மொழியில் 'ஆந்த்ரெத்தியேன்' என்பார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதற்கும் அதே சொல்தான். பொருத்தமாகத்தான் இருக்கிறது. நோட்டீஸ்காரர் வீட்டுக்கு வருமுன், வீட்டில் இருப்பவர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதை யார் கழுவுவது? ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்களோடு நின்று கோழி வாட்டும் ஐயா, திங்கட்கிழமை காலையில் கரியும் எண்ணெயும் அப்பிய கம்பியைத் தேய்ப்பாரா, அல்லது அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவாரா?

தேய்ப்பேன் என்பவர் தாராளமாகக் கட்டட்டும். மூன்று பக்கம் திறந்து, மேற்கே இடுப்பளவு சுவர் வைத்து, தரையை ஒரு சாண் உயர்த்தி, புகைபோக்கி ஒன்று வைத்து, ஓடோ கீற்றோ போட்டால் போதும். வெந்நீருக்கும், வேர்க்கடலை அவிக்கவும், கருவாடு வறுக்கவும் அதைவிட நல்ல இடமில்லை. எங்கள் வீட்டில் சாம்பல் அள்ளுவதும் அடுப்புத் திருத்துவதும் என் வேலை; முழங்கால் ஒத்துழைக்காத நாளில் பேரன் மண் மிதிப்பான். என் மனைவி மேற்பார்வை மட்டும், அதுவும் கொஞ்சம் கடுமையாக.

'இந்த வயசில் யாரால் முடியும் ஸார்?' என்கிறீர்களா? முடியாவிட்டால் கட்ட வேண்டாம். பின்வாசல் தாழ்வாரத்தில் ஒற்றை அடுப்பு ஒன்று போதும், மழை வந்தால் உள்ளே தூக்கிக்கொண்டு போகலாம். முடியும் என்பவர்கள் கீற்றை ஆவணிக்குள் வாங்கிவிடுங்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு விலையும் ஏறும், வேய ஆளும் கிடைக்காது.