ஊழ்கமும் மூளையாய்வும்

உள்ளத்தை ஆராயத்தக்க கருவி உள்ளமே எனப் புத்தத் துறவியர் 2,000 ஆண்டுகளுக்கு மேலாகக் கூறி வருகின்றனர். மூளையும் நரம்பும் அன்றி உள்ளம் எனத் தனியே ஒன்றில்லை என்பர் மேலை அறிவியலாருட் பலர். இவ்விரு சாராரையும் 1987-இல் தருமசாலாவில் ஒருங்கே அமரச் செய்தனர், சிலி நாட்டு உயிரியலறிஞர் பிரான்சிசுகோ வரேலாவும் ஆடம் எங்கலும் தலாய் இலாமாவும். அன்று தொடங்கிய உரையாடல் இன்றும் நடைபெறுகின்றது. ஆயினும் அது நெடுங்காலம் ஒருவழிப் போக்காகவே இருந்தது என்பது நம் கருத்து. வினவுவோர் ஒரு பக்கம். தலையில் மின்முனை பொருத்தப்பெற்று அமர்ந்திருப்போர் மறுபக்கம்!

2004-இல் வெளிவந்த விசுகான்சின் பல்கலைக்கழக ஆய்வைப் பாருங்கள். 10,000 முதல் 50,000 மணிநேரம் வரை ஊழ்கம் பயின்ற எண்மர், எல்லா உயிர்க்கும் அருள் சுரக்கும் நிலையில் தோய்ந்திருந்தனர். ஒரு கிழமையே பயின்ற மாணவர் பதின்மரினும் மிக வலிய காமா அலைகள் அவர்தம் மூளையில் எழுந்தன. வியப்புத்தான். ஆனால் அவ்வலைகள் பயிற்சியால் விளைந்தனவா, அன்றி அத்தகு மூளையுடையோரே அந்நெறி புகுந்தனரா என்பதை அவ்வாய்வு முடிவுகட்டவில்லை. இவ்வாறு ஐயுறுவது முறையே. 2005-இல் வாசிங்டனில் கூடிய நரம்பியலார் பேரவையில் தலாய் இலாமா பேசவே கூடாதென 500-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனரே, அஃது ஐயமன்று, அச்சம். அவர் பேசிவிட்டே திரும்பினார்.

அலைகளினும் ஆழமான சிக்கல் சொல்லில் உள்ளது. வெகுளி, அருள், அவா, அச்சம் அனைத்தையும் 'உணர்ச்சி' என ஒன்றாய்க் கட்டும் மேலையார் சொல்லுக்கு நேரான சொல் திபேத்திய மரபில் இல்லை. ஊழ்கத்தை அவர்கள் 'கோம்' என்பர்; பழக்கிக்கொள்ளுதல் என்பதே அதன் பொருள். பாலியின் 'சதி' என்னும் சொல்லுக்கோ நினைவு என்பது வேர்ப்பொருள். நல்லது தீயது மறவாமையும் அதனுள் அடங்கும். 1979-இல் மாசச்சூசெட்சில் சான் கபாட்சின் அதனை நோயாளர்க்குரிய உளைச்சல் தணிப்புப் பயிற்சியாக்கினார். பலர் துயர் தணிந்தது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒழுக்கமும் துறவும் உதிர்ந்தன. இன்று அது வணிகக் குழுமங்களில் வேலைத்திறன் கூட்டும் சரக்காகவும் விற்கப்படுகின்றது. சொல் பெயர்ந்தது, பொருளில் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

மறுவழி 2006-இல் திறந்தது. தலாய் இலாமாவின் அழைப்பை ஏற்று, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் திபேத்தியத் துறவியர்க்கு அறிவியல் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கருநாடகத்தில் உள்ள அவர்தம் பெருமடங்களில் இயற்பியலும் உயிரியலும் நரம்பியலும் பயிற்றப்படுகின்றன. திபேத்திய மொழியிலேயே பாடநூல்கள் எழுந்தன. இல்லாத கலைச்சொற்களை மொழிபெயர்ப்பாளர் கூடியமர்ந்து ஆக்கினர். நாடிழந்து ஏதிலிகளாய் வந்தோர் செய்த செயல் இது. தமிழில் அறிவியல் வாராது என்போர் ஒருமுறை அங்குச் சென்று பார்த்து வரலாம்!

கைதட்டி வினாத்தொடுத்து வழக்காடுவது அம்மடங்களின் பழைய கல்விமுறை. அங்ஙனம் வழக்காடிப் பழகிய துறவி இனி நரம்பணுவையும் தன் மொழியிலேயே வழக்குக்கு இழுக்க இயலும். அடுத்த ஆய்வின் வினாவை அவரே வகுக்கட்டும். மின்முனையை எவர் தலையில் பொருத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும்.