எங்கும் இருப்பதெல்லாம் இயல்பானதா?

"எல்லாரிடமும் இருக்கிறது, ஆகவே அது இயல்பானதுதான்." இப்படி யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஏன் என்று கேட்டால், கிறீன்லாந்தின் பனியைக் காட்டுவேன்.

உங்கள் பெற்றோர் 80களில் லண்டனிலோ பாரிஸிலோ வந்திறங்கியபோது, அங்கே ஓடிய கார்களில் பெரும்பாலானவை ஈயம் கலந்த பெற்றோலில்தான் ஓடின. என்ஜின் சீராக ஓடுவதற்காக 1920களில் அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம் அது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. ஆனால் அந்தத் தொழில்துறையின் மருத்துவ ஆலோசகரான ரொபேர்ட் கீஹோ பல பத்தாண்டுகளாக ஒரே பதிலைச் சொல்லிவந்தார்: மனித உடலில் ஈயம் இருப்பது இயற்கை, எங்கே சோதித்தாலும் இருக்கிறதே!

இதை மறுப்பது சுலபமல்ல. எங்கும் ஈயம் படிந்துவிட்ட உலகத்தில், ஈயம் படியாத காலம் எப்படி இருந்தது என்று யாரிடம் கேட்பது?

கிளேர் பற்றர்சன் பனியிடம் கேட்டார். பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் கணித்துச் சொன்ன விஞ்ஞானி அவர். அந்தக் கணக்குக்காக ஈயத்தை அளந்தபோது, ஆய்வுகூடத்துத் தூசியில்கூட ஈயம் இருந்து அவருடைய அளவீடுகளைக் குழப்பியது. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை.

வாகனப் புகையோடு வெளியேறும் ஈயம் கண்ணுக்குத் தெரியாத நுண்துணிக்கைகளாகக் காற்றில் மிதக்கிறது. அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணித்து, துருவத்தில் பெய்யும் பனியோடு கீழே இறங்குகிறது. அடுத்த ஆண்டுப் பனி அதை மூடுகிறது. இப்படி ஆண்டுக்கு ஓர் அடுக்கு. ஆழமாகத் தோண்டத் தோண்ட, பழைய காலத்துக் காற்றில் என்ன இருந்தது என்று தெரியவரும்.

பற்றர்சனின் குழு கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் பனிக்கட்டி எடுத்தது. எடுப்பவர்களின் உடுப்பிலிருந்தே ஈயம் ஒட்டிவிடலாம் என்பதால் சுத்தமான மேலுடைகளை அணிந்து, அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் கருவிகளைப் பயன்படுத்தினார்கள். முரோசூமி, சௌ ஆகியோருடன் சேர்ந்து 1969இல் அவர் வெளியிட்ட முடிவு இது: கி.மு. 800 அளவில் இருந்ததைவிட, 1960களின் கிறீன்லாந்துப் பனியில் ஈயம் 200 மடங்குக்கு மேல். மிக வேகமான ஏற்றம் 1940க்குப் பிறகு. இதையா இயற்கை என்பது?

இந்தக் கேள்விக்கு அவர் விலையும் கொடுத்தார். பெற்றோலியத் தொழில்துறையிலிருந்து கிடைத்துவந்த ஆய்வுப் பணம் நின்றது. 1971இல் காற்றிலுள்ள ஈயம் பற்றி ஆராய அமெரிக்காவில் அமைத்த தேசியக் குழுவில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் 70களிலிருந்து அமெரிக்காவில் பெற்றோலில் ஈயம் குறையத் தொடங்கியது. கிறீன்லாந்துப் பனியை அளந்து இன்னொரு குழு 1991இல் வெளியிட்ட முடிவின்படி, சுமார் 20 ஆண்டுகளில் ஈயம் ஏழரையில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. கார்களுக்கு அந்தப் பெற்றோலை விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் நிறுத்திக்கொண்டது.

"பக்கத்துத் தெருவிலேயே ஆயிரம் பிரச்சினை இருக்க, துருவப் பனியை ஆராயக் காசு எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். என் பதில்: பக்கத்துத் தெருவின் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான ஓர் அளவு இல்லையென்றால், அழுக்கு எது என்று நிரூபிக்க முடியாது.

இந்தக் கதை ஈயத்தோடு முடியவில்லை. அந்தாட்டிக்காவில் புதிதாகப் பெய்த பனியை உருக்கிப் பார்த்த நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு லீற்றரில் சராசரியாக 29 பிளாஸ்டிக் துணிக்கைகள் இருந்தன. "பிளாஸ்டிக் எங்கும்தானே இருக்கிறது, என்ன செய்வது" என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டோம். கீஹோவின் வாதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வெப்பம் கூடக்கூட பல இடங்களில் பனி உருகி, நீர் கீழே கசிந்து, அடுக்குகளில் இருந்த பதிவு கலைந்துபோகிறது. நாளைக்கு யாராவது "இது எப்போதும் இருந்ததுதான்" என்று சொல்லும்போது, எடுத்துக்காட்ட ஒரு சான்று வேண்டும். இந்த ஆய்வுகளுக்கான பணத்தை வெட்டுகிறார்கள் என்ற செய்தியைப் பார்த்தால் கடந்துபோகாதீர்கள். உங்கள் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள்.