எல் காப்பில் நின்ற படை

1956 நவம்பர் 6. சூயஸ் கால்வாய்க் கரையோரமாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்த பிரிட்டன் படை, எல் காப் என்ற சிறிய இடத்தில் நள்ளிரவோடு நின்றது. போர்ட் சயித் ஏற்கெனவே அதன் கையில். மிச்சக் கால்வாயைப் பிடிக்க இன்னும் ஓரிரு நாள் போதும் என்று தளபதிகள் நம்பினார்கள். ஆனால், போரை நிறுத்தச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு வந்துவிட்டது.

பிரிட்டன் அப்போது சாதாரண நாடா? 1952இலேயே அணுகுண்டு வெடித்துப் பார்த்திருந்தது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் ரத்து அதிகாரம் இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தியது பவுண்டின் சரிவு. தன்னிடம் சொல்லாமல் நடந்த தாக்குதலால் கொதித்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் அரசு, பன்னாட்டு நிதியத்தின் கதவை அடைத்தது. கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்து எகிப்து அதிபர் நாசர் வழியை மறித்திருந்ததால் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு, அமெரிக்கா கைகொடுக்கவில்லை. நவம்பர் மாதத்தில் மட்டும் பிரிட்டனின் கையிருப்பில் சுமார் 28 கோடி டாலர் கரைந்தது. படையெடுப்பை முன்னின்று ஆதரித்த நிதியமைச்சர் மேக்மில்லனே நிறுத்தச் சொல்லும் நிலைக்கு வந்தார். மாஸ்கோவின் ஏவுகணை மிரட்டலும் இருந்தது உண்மைதான். ஆனாலும் அமைச்சரவையின் மனத்தை மாற்றியது கஜானாக் கணக்கே என்று நினைக்கிறேன். படை விலகும் என்று டிசம்பரில் ஒப்புக்கொண்ட பிறகே நிதியத்தின் பணம் வந்தது. அடுத்த மாதம் பிரதமர் ஈடன் பதவி விலகினார்.

நாடுகளின் பலத்தை அளக்க நாம் இன்றும் பட்டியல்களையே நம்புகிறோம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் குறியீடு இதில் புகழ்பெற்றது. மக்கள்தொகை, நகர மக்கள்தொகை, இரும்பு - எஃகு உற்பத்தி, எரிசக்தி நுகர்வு, படைவீரர் எண்ணிக்கை, ராணுவச் செலவு ஆகிய ஆறையும் கூட்டிப் பார்க்கும் கணக்கு. அந்தக் கணக்கில் 1980களில் சோவியத் ஒன்றியம் அமெரிக்காவைவிட மேலே இருந்தது. 1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனது. எஃகை எண்ணிய குறியீடு, எஃகு யாருக்குப் பயன்பட்டது என்று கேட்கவில்லை.

என் வாதம் இதுதான்: ஒரு நாட்டிடம் என்ன இருக்கிறது என்பதைவிட, அது கையை இழுத்துக்கொண்டால் யாருடைய வேலை நிற்கும் என்பதே சரியான அளவுகோல். 2025 ஏப்ரலில் அமெரிக்கா வரியை உயர்த்தியதும், ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்யும் காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. ஒரு குண்டு வெடிக்கவில்லை. மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு ஆலை சில நாள் நின்றது. ஜப்பானில் சுசுகி, ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை நிறுத்தியது. அக்டோபர் 30 அன்று பூசானில் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது அமெரிக்கா வரியில் ஒரு பகுதியைக் குறைக்க இசைந்தது. அந்த மாதம் அறிவித்த கூடுதல் கட்டுப்பாடுகளைச் சீனா ஓராண்டு தள்ளிவைத்தது.

இந்தப் பலத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு: எடுத்து வீச வீசத் தேயும். 2010இல், இரு நாடுகளும் உரிமை கோரும் சென்காகு தீவுகள் பற்றிய தகராறின்போது, சீனாவிலிருந்து ஜப்பானுக்கு அருமண் வரத்து நின்றது. அதற்கு மறு ஆண்டே ஜப்பான், ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்தில் பணத்தைப் போட்டு வேறு வழி தேடியது. 90 சதவீத அளவில் இருந்த சீனச் சார்பு சுமார் 60 சதவீதமாக இறங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதாவது, கழுத்தைப் பிடித்தவர் ஒருமுறை ஜெயிக்கலாம். பிடிபட்டவர் விடுபடவோ ஒரு தலைமுறை உழைக்க வேண்டியிருக்கும்.

இந்தியா இதில் எங்கே நிற்கிறது? அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் கணக்குப்படி நம்மிடம் 69 லட்சம் டன் அருமண் இருப்பு உண்டு. உலகில் மூன்றாவது இடம். 2024இல் உலகம் எடுத்தது 3,90,000 டன், சீனா 2,70,000 டன், நாம் 2,900 டன். இருப்பில் மூன்றாம் இடம் என்பதை வைத்துப் பெருமைப்படுகிறோம். ஆனால், 2025இல் காந்தம் கிடைக்காமல் நம் வாகன ஆலைகள் பெய்ஜிங்கின் உரிமத்துக்குக் காத்திருந்தன. மண்ணைப் பிரித்து, உலோகமாக்கி, காந்தமாக்கும் தொழில்நுட்பத்தில்தான் சீனாவின் பிடி இருக்கிறது. அதைச் சீனா பல பத்தாண்டுகள் நஷ்டத்தையும் நஞ்சையும் தாங்கிக் கட்டியது. ஒன்றிய அமைச்சரவை 2025 நவம்பரில் காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் ஒதுக்கியது தாமதமான, ஆனால் சரியான முடிவு.

அந்த மண்ணின் ஒரு பகுதி கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை மணல் ஆலை நெடுங்காலமாக இயங்குகிறது. கிள்ளியூர் வட்டத்தில் மேலும் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. அருமண் கிடைக்கும் மோனசைட் கனிமத்தில் கதிர்வீச்சுள்ள தோரியமும் இருக்கிறது. கதிர்வீச்சையும் புற்றுநோயையும் பற்றிய அவர்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளுவது அநியாயம். தில்லி கணக்கிடும் பலத்தின் விலையை முதலில் செலுத்தப்போகிறவர்கள் அவர்கள். ஒரு லாரி மண் எடுப்பதற்கு முன், அந்த ஊர்களில் சுயேச்சையான உடல்நல ஆய்வை நடத்தி, முடிவைத் தமிழில் அச்சிட்டு, கிராம சபையில் வைக்க வேண்டும்.